தும்பிக்கை போட்ட ‘இல்லை’

ஜனவரி 9

வாலுக்குப் பாட்டி எழுதிக்கொள்வது.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்கிறாயா? பதிலைக் காகிதத்தில் எழுது, போன் பண்ணாதே. போனில் நீ பேசினால் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து யாரோ என்னைத் திட்டுவதுபோல் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மாடி வீட்டுக்காரி (என் துணிக்கொடியை அறுத்துவிட்டு, காற்று அறுத்தது என்று சொன்னவள்) என் ஜாடியை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். அந்தத் தாளில் ஒரு படம். உன் ஊர் மேம்பாலத்துத் தூண். அதில் ஆள் உயரத்துக்குச் சிவப்பில் ஒரே ஒரு சொல், ‘இல்லை’. படத்துக்குக் கீழே ‘யார் இந்த இல்லை?’ என்று கேட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்க இதே சொல்லாம், எழுதுவது யாரென்று ஒருவருக்கும் தெரியாதாம்.

அந்த லையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் காலத்துப் புத்தகங்களில் முன்னால் இரட்டைச் சுழி போட்டு எழுதுகிறார்களே, அந்த லை இல்லை. லகரத்தின் தலையிலிருந்து யானை மாதிரி தும்பிக்கையைத் தூக்கின பழைய லை. நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த லை. இன்றைக்கும் நான் எழுதுகிற லை.

என் வயதுக்காரர்கள் பாலத்தூணில் ஏறியிருக்க மாட்டார்கள். என் கையைப் பார்த்து எழுதக் கற்றவள் உலகத்தில் நீ ஒருத்திதான். நானாக எதுவும் சொல்லவில்லை. நீ சொல்.

உடம்பு பத்திரம்.
பாட்டி


ஜனவரி 21

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். மூக்கைக் கட்டிக்கொள்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாயா? இங்கே வெயில் இல்லை, மழையும் இல்லை. பட்டறையில் வேலை அதிகம். ஒருவர் தன் வண்டி டேங்கில் புலி வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன். “ஏம்மா, பூனை மாதிரி இருக்கே?” என்றார். “பசிச்ச புலிண்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாடி வீட்டுக்காரியோடு சண்டை போடாதே. குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
உன் வாலு

பின்குறிப்பு: அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதே. படத்தில் சிவப்பு அடர்த்தியாகத் தெரிகிறதா, வெளிறிப்போய்த் தெரிகிறதா? தும்பிக்கையின் நுனி முழுதாக விழுந்திருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


பிப்ரவரி 3

வாலுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது. பின்குறிப்பு எழுதுகிற வியாதி.

என்னிடமே பூசி மெழுகுகிறாயா? நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் என்ன நிறத்தில் பொட்டு வைத்திருந்தாள் என்று கேள், சொல்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் தும்பிக்கை நுனியைப் பற்றிக் கேட்பாளா?

சுவரில் கிறுக்குகிறவர்களை எனக்கு ஆகாது. உன் தாத்தா காய்ச்சலில் கிடந்தபோது நான் மருந்துக்குப் போய் வருவதற்குள் எவனோ நம் வீட்டுச் சுவரில் சோப்பு விளம்பரம் எழுதிவிட்டுப் போனான். ‘வெளுப்போ வெளுப்பு’ என்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கை வீங்கிப் போனேன். அந்தச் சோப்பை இன்றுவரை இந்த வீட்டுக்குள் விட்டதில்லை. நான் செத்தாலும் அந்தச் சோப்பைப் போட்டு என்னைக் குளிப்பாட்டக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

ஆகவே ஒழுங்காகப் பதில் சொல். யார் வீட்டுச் சுவரில் எழுதுகிறாய்? கேட்டு எழுதுகிறாயா? யார் யார் கூட்டு? எவனாவது கையை ஓங்கினானா? ஊரில் சொல்லா இல்லை, போயும் போயும் ஏன் ‘இல்லை’?

சிவப்பு அடர்த்தியாகத்தான் இருக்கிறது. நுனி விழுந்திருக்கிறது.

பாட்டி


பிப்ரவரி 15

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? நான் நலம், நலத்துக்கும் மேலே! நான்தான் பாட்டி! நான்தான் அந்த ‘இல்லை’! இதை வீட்டு ஆள் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இத்தனை நாளாக வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தேன்.

முதல் தடவை எப்படி நடந்தது தெரியுமா? எங்கள் விடுதிக்கு எதிரே பெரிய அடுக்குமாடி கட்டுகிறார்கள். தகர வேலியில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. அதற்குமேல் ‘இங்கே எல்லாம் உண்டு!’ என்று போட்டிருந்தது. எங்கள் அறையில் குழாயில் தண்ணீர் வராமல் ஒரு வாரம். நான் வாளியோடு ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பல்வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒருநாள் பட்டறையிலிருந்து மிச்சமான ஸ்ப்ரே டப்பாவை எடுத்துப்போய்க் கீழே எழுதினேன்: ‘இல்லை.’ மறுநாள் காலை ஒரு பஸ் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் படித்தார். “இங்கே எல்லாம் உண்டு… இல்லை!” பஸ்ஸே சிரித்தது பாட்டி. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். என் பேச்சுக்கு அத்தனை பேர் அதுவரை திரும்பிப் பார்த்ததே இல்லை.

வீட்டுச் சுவரைத் தொட மாட்டேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாமி இருக்கிற இடம் எதையும் தொட மாட்டேன். பாலத்தூண், மூடிப்போன தொழிற்சாலை, விளம்பர வேலி, இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மஞ்சள் மேல்சட்டை போட்டு ஏணியைச் சாய்த்தால் எவரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு போலீஸ்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்! “பாத்தும்மா, வழுக்கும்” என்றார்.

கூட்டு என்றால் ‘கொக்கு’ ஒருவர்தான். தையல்காரர். எங்கே பார்த்தாலும் ஒற்றைக்காலில் நிற்கிற ஒரு கொக்கைப் போடுவார். எங்களுக்குள் சட்டம் உண்டு. ஒருவர் எழுதியதற்கு மேலே இன்னொருவர் போகக் கூடாது. போனால் அதைவிட நன்றாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் சுவரை விட்டே விலக வேண்டும். இப்போது புதிதாகச் சிலர் வருகிறார்கள். சுவரில் இரண்டு இறக்கை வரைந்து, நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கொக்கு அவர்களை “இறக்கை வியாபாரிகள்” என்பார். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சுவர் என்னைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும். “வா, நில், சிரி” என்றால் அது அந்தப் பல்வரிசைக் குடும்பம்தானே?

ஏன் ‘இல்லை’ என்று கேட்டாய். அது உன் சொல் பாட்டி. வீட்டை விற்கச் சொல்லிப் பெரியப்பா வந்தபோது நீ முறத்தைக் கூடக் கீழே வைக்காமல் “இல்லை” என்றாய். அதற்குப் பிறகு அவர் டீக்குக்கூட உட்காரவில்லை. அந்தச் சொல்லை அப்படியே பெரிதாக எழுத வேண்டும் என்று எனக்கு அப்போதே ஆசை.

தும்பிக்கையும் உன்னுடையதுதான். ஒன்றாம் வகுப்பில் நான் ‘தலை’ என்று எழுத, கண்ணாடி போட்ட டீச்சர் தும்பிக்கைமேல் சிவப்புக் கோடு போட்டார். அந்தச் சிவப்பு எனக்கு மறக்கவில்லை. நான் எழுதுவதும் அதே சிவப்பில்தான். பட்டையாகப் பீய்ச்சும் தடிமூக்கு டப்பாவால் லகரத்தை முடித்து, கையை எடுக்காமல் தோளோடு மேலே ஒரு வீச்சு. அந்த ஒரு வீச்சுக்காகத்தான் மற்ற எழுத்துகளையெல்லாம் எழுதுகிறேன்.

இன்னும் ஒரு சேதி. பழைய ஐஸ் தொழிற்சாலையின் பக்கச் சுவர், நான்கு மாடி உயரம், அனுமதியோடு எழுதக் கொடுக்கப் போகிறார்களாம். ‘இல்லை’ எங்கிருந்தாலும் வந்து பார்க்கவும் என்று, ஊர்ச் சுவர்களில் படம் போட ஆள் தேடுகிற சுவர்க் குழு அறிவித்திருக்கிறது. எனக்கு அந்தச் சுவர் வேண்டும் பாட்டி. சாப்பாடு இறங்கவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.
உன் வாலு


மார்ச் 2

வாலுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. சாப்பாடு இறங்காவிட்டால் தண்ணீர் ஊற்றி இறக்கு. நான்கு மாடி ஏறப் போகிறவளுக்கு மயக்கம் வரக் கூடாது.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. திட்டத்தான் உட்கார்ந்தேன். பஸ்ஸே சிரித்தது என்கிற இடம் வந்ததும் நானும் சிரித்துவிட்டேன், திட்டு போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தபால்காரரிடம் மட்டும் கொஞ்சம். அவர்தான் “பேத்தி என்ன வேலை பாக்குது?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். “ஐயோ, வேலை இல்லையா?” என்றார். “இல்லைப்பா, ‘இல்லை’தான் வேலை” என்றேன். மனுஷன் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

அந்தக் கண்ணாடிக்காரியை எனக்குத் தெரியாதா? நான் பள்ளிக்கூடத்துக்கே போய், “எம் பேத்தி எழுதினது என்ன தப்பு?” என்று கேட்டேன். “பெரியம்மா, இப்பல்லாம் இப்படி எழுதுறதில்ல” என்றாள். “நான் எழுதுறேனே, நான் இப்ப இல்லையா?” என்றேன். உடனே மணி அடித்துவிட்டாள். பதினொரு மணிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பார்கள்? அவள் இப்போது ரிட்டையர் ஆகிவிட்டாள். நான் ஆகவில்லை.

படத்தை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். உன் தும்பிக்கை கொஞ்சம் தொங்குகிறது. யானை சோம்பல் முறிப்பதுபோல் இருக்கிறது. தூக்கு. கோபம் வந்த யானை மாதிரி தூக்கு.

சுவர் கிடைத்ததா? உடனே எழுது. கயிறு கட்டாமல் ஏறினால் அங்கேயே வந்து காலை ஒடிப்பேன்.

பாட்டி


மார்ச் 20

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுவர் கிடைத்துவிட்டது. குழுவினர் முன்னால் போய், நான்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஒரு பலகையில் எழுதிக் காட்டியதும் நம்பினார்கள். பகலிலேயே வேலை. க்ரேனில் கூடை கட்டித் தருகிறார்கள், ஏணி தேவை இல்லை. கயிறு உண்டு, கவலை வேண்டாம்.

கொக்குக்கு என்னைவிட மகிழ்ச்சி.

வேறு ஒன்றும் இல்லை. நாளை காலை வேலைக்குச் சீக்கிரம் போக வேண்டும்.

வாலு


ஏப்ரல் 4

வாலுக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தில் வேலை, இல்லை, கவலை, நாளை, காலை என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். ஒன்றிலாவது தும்பிக்கை இருக்கிறதா? எல்லாம் மொட்டை. எல்லாவற்றுக்கும் முன்னால் இரட்டைச் சுழி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நீ எழுதப் பழகியதிலிருந்து எனக்கு ஒரு காகிதத்திலும் இப்படி எழுதியதில்லை.

இவ்வளவு பெரிய சுவர் கிடைத்தவள் இவ்வளவு சின்னக் கடிதம் எழுத மாட்டாள்.

யார் வெட்டச் சொன்னது?

பாட்டி


ஏப்ரல் 16

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? மறைத்ததற்கு மன்னித்துக்கொள். கை பழக வேண்டுமே என்று எல்லாவற்றையும் புது லையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்திலும் அது வந்துவிட்டது.

குழுவில் தமிழ் பார்க்க ஒருவர் இருக்கிறார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். என் பலகையைப் பார்த்துவிட்டு, “எழுத்து தப்பும்மா” என்றார்.

“தப்பில்ல சார், பழசு.”

“பழசுன்னா தப்புதான். சுவருக்கு எதிர்ல பள்ளிக்கூடம். பிள்ளைங்க பாத்துட்டு அப்படியே எழுதும். மார்க் போயிடும்.”

“எனக்கும் போச்சு சார்.”

“பாத்தியா!” என்றார்.

தும்பிக்கையை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவாராம். இல்லாவிட்டால் சுவர் இறக்கை வியாபாரிகளுக்குப் போய்விடும். “விட்டுட்டு வா, நமக்குத் தூணே போதும்” என்கிறார் கொக்கு. எனக்குப் போதாது பாட்டி. திருட்டுத்தனமாக மூன்று வருடம் எழுதினேன், எல்லாவற்றையும் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டார்கள். நீ வைத்திருக்கிற படத்துத் தூணே இப்போது வெள்ளையாக நிற்கிறது. ஒன்றாவது நிற்க வேண்டும். நான்கு மாடி உயரத்தில், வெயிலில், என் பெயர். அதற்காக ஒரு தும்பிக்கை போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. என் தும்பிக்கைதானே, நானே எடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறது. எடுத்துவிட்டால் அது என் ‘இல்லை’யே கிடையாது என்று இன்னொரு மனசு அழுகிறது.

ஜூன் முதல் வாரத்தில் க்ரேன் வருகிறது. நீ சொல்லு, நான் என்ன செய்ய?

உன் வாலு


ஏப்ரல் 29

வாலுக்கு,

என் தும்பிக்கை என்று எழுதியிருக்கிறாய். யார் தும்பிக்கை?

தூணில் எழுதினாய், வேலியில் எழுதினாய், பேப்பரில் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? உன் பெரிய தாத்தா, என் அண்ணன், கேட்காமல் என் தையல் மிஷினை எடுத்துப்போய்த் தன் மருமகளுக்குக் கொடுத்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காததால் அவர் செத்தபோதும் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. நீ செய்ததும் அதுதான். பேத்தி, ஆசையாகப் போடுகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். “தூக்கு” என்றுகூடச் சொன்னேன், வெட்கமில்லாமல்.

இப்போது அதை வெட்டட்டுமா என்று கேட்கிறாய். உன் பொருளாக இருந்தால் வெட்டு, ஒட்டு, தூக்கிப் போடு. என் பொருளை விட்டுக்கொடுத்துச் சுவர் வாங்க நீ யார்? வெட்டாமல் எழுதி எல்லார் முன்னாலும் பெயர் வாங்கவும் நீ யார்? பெரிய சுவர் உன் பெயருக்கு வந்திருக்கிறது, என் கையெழுத்துக்கு வரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எனக்கு வேறு லை தெரியாது. அதனால் எழுதுகிறேன். உனக்கு என்ன கேடு?

என் தும்பிக்கையைத் திருப்பிக் கொடு. அப்புறம் நீ ‘இல்லை’ என்று எழுது, ‘உண்டு’ என்று எழுது, என்னமோ செய்.

கயிற்றை இறுக்கிக் கட்டு.

பாட்டி


ஜூன் 11

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் போடவில்லை. போட முடியவில்லை. முதல் வாரம் முழுக்க உன்மேல் கோபம். மனசுக்குள்ளேயே உன்னோடு சண்டை போட்டேன், எல்லாச் சண்டையிலும் நீயே ஜெயித்தாய். அப்புறம் க்ரேன் வந்துவிட்டது.

அதைச் சொல்கிறேன், கேள்!

காலையிலேயே கூட்டம். குழு ஒரு பக்கம், பிழை திருத்துகிறவர் குடையோடு ஒரு பக்கம், கொக்கு ரோட்டுக்கு நடுவே தலையை அண்ணாந்துகொண்டு. கூடையில் நானும் டப்பாக்களும். கீழே வண்டியில் க்ரேன்காரர். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எந்த லை போடுவது என்று நான் முடிவு பண்ணவில்லை. உன்னுடையது கூடாது. புத்தகத்தினுடையது பிடிக்கவில்லை. மூன்றாவது ஒன்று என்னிடம் கிடையாது. ‘இ’ போட்டேன். என் உயரத்தைப் போல் மூன்று மடங்கு பாட்டி! சுழியைச் சுற்ற க்ரேனே ஒரு வட்டம் அடித்தது. ‘ல்’ போட்டேன், புள்ளி வைத்தேன். அடுத்த லகரத்தின் வயிற்றையும் போட்டு முடித்துவிட்டேன். அங்கே கை நின்றுவிட்டது. விரல் மட்டும் டப்பாவின் மூக்கை விடவில்லை, பெயின்ட் ஒரே இடத்தில் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது.

கீழிருந்து க்ரேன்காரர் கத்தினார்: “என்னம்மா, ஏத்தவா, எறக்கவா?”

“ஏத்துங்கண்ணே!”

கூடை ஏறியது. விரல் அழுத்தியபடியே இருந்தது. கோடு என்னோடு மேலே ஏறியது, நேராக, தும்பிக்கை மாதிரி வளையாமல், கொடிக்கம்பம் மாதிரி. மொட்டைமாடி விளிம்புக்கு வந்ததும், “போதும், எறக்குங்க, இடது பக்கம்!” என்றேன். வளைந்து இறங்கியது. இறங்கும்போது கூடை காற்றில் ஆடியது, கோடும் ஆடிக்கொண்டே ஒரு பெரிய சுழி சுழித்து வந்து ‘இ’யின் தலையைத் தொட்டது. சொல் முழுக்க ஒரே கொடியில் கட்டின மாதிரி ஆகிவிட்டது. நான் விரலை எடுத்தபோது டப்பா காலி. இறங்கி வந்து ரோட்டைக் கடந்து போய்த்தான் பார்த்தேன். இப்படி ஒரு லையை நான் பார்த்ததே இல்லை பாட்டி. ஆனால் அது லைதான்!

பிழை திருத்துகிறவர் குடையை மடக்கிவிட்டார்.

“என்னம்மா இது? பழசா?”

“இல்ல சார்.”

“அப்போ புதுசா?”

“இல்ல சார்.”

“என்ன, கிண்டலா?”

“இல்ல சார்!”

கொக்கு சிரிப்பை அடக்க முடியாமல் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். பிழை திருத்துகிறவர் விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் பையோடு நின்ற ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். “அந்தச் சுவத்துல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்கம்மா.”

“இல்லைன்னு போட்டிருக்கு. எது இல்லையாம்?”

“எந்த எழுத்தாவது இடிக்குதா?”

“பெரிசா இருக்கு. இடிக்கலயே. ஏங்க, பஸ் வருமா வராதா?”

எதிரே பள்ளிக்கூடத்து ஜன்னலில் தலைகள். யாரோ ஒரு குரல் “இல்ல்ல்லை!” என்று கத்த, மொத்த வகுப்பும் கத்தியது. பிழை திருத்துகிறவர் தன் காகிதத்தை எடுத்தார். கடைசியில், ‘பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்துவிட்டு அவரே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

சுவர் நிற்கிறது. தூரத்துப் பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்துகூடத் தெரிகிறது. படம் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தும்பிக்கையை நான் தொடவில்லை பாட்டி. தூணிலிருந்தும் போய்விட்டது, வேலியிலிருந்தும் போய்விட்டது. இனி அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். இந்தக் கடிதத்திலுள்ள லையெல்லாம் என்னுடைய லை.

உன் வாலு


ஜூன் 26

வாலுக்குப் பாட்டி எழுதிக்கொள்வது.

நான் நலம். முழங்காலைப் பற்றிக் கேட்டாய், அதைப் பற்றிப் பேச இப்போது நேரம் இல்லை.

உன் கடிதத்தைப் பிரிப்பதற்குமுன் படம்தான் கீழே விழுந்தது. குனிய முடியாது என்பதை மறந்து குனிந்துவிட்டேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். தபால்காரர் நின்றுகொண்டே இருந்தார். “என்ன பெரியம்மா, நல்ல சேதியா?” என்றார். “இல்லை” என்றேன். இந்தத் தடவை அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் சேர்ந்து படத்தைப் பார்த்தார். “எவ்ளோ ஒசரம்!” என்றார். சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் காட்டினேன். காட்டினேன் என்பதால் துணிக்கொடி விஷயம் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

வாலு, கோடு ஏறுகிறதே, அந்த இடம். அங்கே நீ பயந்திருக்கிறாய், கொஞ்சம் கோணல். இறங்குகிற இடத்தில் பயம் இல்லை. எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. பிடிக்காததும் ஒன்று இருக்கிறது. என்மேல் ஒரு வாரம் கோபமாக இருந்ததாக எழுதியிருக்கிறாயே, ஒரு வாரம்தானா? என் பேத்திக்கு அவ்வளவுதான் தெம்பா?

இனி சொல்வதைக் கவனமாகப் படி. அன்றைக்கு மதியம் சோற்றைக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க எழுதி எழுதிப் பார்த்தேன். முதலில் வரவில்லை. என் கை தும்பிக்கையை நோக்கியே ஓடுகிறது, பல வருடப் பழக்கம். விரலை எடுக்கவே இல்லை என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் வந்தது. ஏறி, வளைந்து, ஆடி இறங்கிவிட்டது. இந்தக் கடிதத்தை மறுபடியும் மேலேயிருந்து பார். முழங்காலில் ஆரம்பித்துக் காலண்டர் வரைக்கும் ஒரு லையிலாவது தும்பிக்கை இருக்கிறதா, இரட்டைச் சுழி இருக்கிறதா என்று தேடு. எல்லாம் உன்னுடைய லை. வரிக்கு வரி முட்டிக்கொண்டு நிற்கிறது, காகிதம் போதவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

கேட்டேனா உன்னை? கேட்கவில்லை. எடுத்துக்கொண்டேன். கோபம் வந்தால் வைத்துக்கொள், நான் வைத்திருக்கிற மாதிரி குறையாமல் வைத்துக்கொள். ஒரு வாரத்தில் தீர்த்துவிடாதே.

என் தும்பிக்கை இங்கே சும்மாதான் இருக்கிறது. தூணுக்கோ வேலிக்கோ எதற்காவது வேண்டுமென்றால் வாங்கிக்கொள்.

கேட்டு வாங்கிக்கொள்.

பாட்டி